குப்பைமேட்டுக் கறுப்புத் தண்ணீரும் ஊதாக்கதிரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போத்தலும் கயிறுமாகக் குப்பை கொட்டும் இடத்துக்குப் போனால் யாராவது வந்து விசாரிக்காமல் இருக்கமாட்டார்கள். வேலிக்கு வெளியே ஆடு மேய்ப்பவர், பக்கத்து வளவின் கிணற்றுக்காரர், பிரதேச சபை ஊழியர், கூட வந்த மாணவர் என்று ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். குப்பைமேட்டுத் தண்ணீரை ஊதாக்கதிரால் ஒளிரவைத்துச் சோதிக்கும் முறை பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அப்படிக் கேட்கப்பட்டவற்றையும் ஆய்வுகூடத்தில் இறுதியாண்டு மாணவர்கள் கேட்பவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

புளோரொளிர்வு என்றால் என்ன?

வங்கியில் பணத்தாளை ஊதா விளக்கின் கீழ் பிடிக்கும்போது சில இழைகளும் கோடுகளும் மட்டும் பளிச்சென்று எழும். விளக்கை அணைத்தால் அதுவும் போய்விடும். அதுதான் புளோரொளிர்வு. சில மூலக்கூறுகள் குறுகிய அலைநீள ஒளியை வாங்கி, அதில் கொஞ்சச் சக்தியை வெப்பமாக இழந்து, மிச்சத்தை நீண்ட அலைநீள ஒளியாக வெளியே விடுகின்றன. ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1852-இல் குயினைன் கரைசலின் நீல ஒளியை ஆராய்ந்து இதை விளக்கினார். புளோரைட் கனிமத்தை வைத்துப் பெயர் சூட்டியவரும் அவரே. இன்றைக்கும் ஒரு கருவியின் அளவீட்டை இன்னொன்றோடு ஒப்பிடக் குயினைன் சல்பேற்றுக் கரைசலைத்தான் பல ஆய்வுகூடங்கள் பயன்படுத்துகின்றன.

குப்பைத் தண்ணீரில் ஒளிர்வது எது?

முக்கியமாக இரண்டு கூட்டம். முதலாவது புரதச் சாயல் கொண்டது. டிரிப்டோபான், டைரோசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள்தான் அதற்குக் காரணம். மீன்சந்தைக் கழிவு, இறைச்சிக் கழிவு, மிஞ்சிய சோறு கறி, இவற்றைத் தின்று பெருகும் பக்டீரியாக்கள் எல்லாம் இதைத் தருகின்றன. சுமார் 275 நானோமீற்றர் ஒளியைக் கொடுத்தால் டைரோசின் வகை 310-இலும் டிரிப்டோபான் வகை 340-இலும் ஒளிரும். இரண்டாவது ஹியூமிக் கூட்டம். இலை, சருகு, தேங்காய் மட்டை, கடதாசி போன்ற தாவரப் பொருள் உக்கி, உடைந்து, மறுபடி சிக்கலாக இணைந்து உருவாகும் பழுப்புப் பொருட்கள் இவை. 260 அல்லது 350 நானோமீற்றர் ஒளியைக் கொடுத்தால் 380 முதல் 480 வரை பரந்து ஒளிரும். 1996-இல் போலா கோபிள் கடல்நீர் ஆய்வுக்காக, ஒளி உச்சமாக வரும் இந்த இடங்களுக்கு, அதாவது முகடுகளுக்கு, ஏ, பி, சி, எம், ரி என்று எழுத்துப் பெயர் வைத்தார். குப்பை ஆய்விலும் அதே எழுத்துகளே புழங்குகின்றன.

ஒளிராதவையும் உண்டு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சீனி, கொழுப்பு, அசற்றிக் அமிலம், பியூற்றிரிக் அமிலம் எதுவும் ஒளிராது. புதுக் குப்பையிலிருந்து வடியும் தண்ணீரில் சேதனப் பொருளின் பெரும்பங்கு இந்தச் சிறிய அமிலங்கள்தான். புளித்த நாற்றம் அவற்றிலிருந்தே வருகிறது. ஆகவே கருவியில் ஒளி குறைவு என்றால் அழுக்கு குறைவு என்று எழுதிவிடக்கூடாது.

திரையில் வரும் வண்ணப் படத்தை எப்படி வாசிப்பது?

கொடுக்கும் அலைநீளத்தை 220-இலிருந்து 450 வரை 5 நானோமீற்றர் படிகளாக மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் 250-இலிருந்து 600 வரை வெளிவரும் ஒளியை அளக்கிறோம். ஒரு அச்சில் கொடுத்த ஒளி, மற்றதில் வந்த ஒளி. உயரம் என்பது ஒளியின் பலம். நிலவரைபடத்தில் மலைக்குப் போடும் உயரக் கோடுகள் போலத்தான். கிளர்வு–உமிழ்வு வரைபடம் என்று சொல்லலாம். படத்தைக் குறுக்கே வெட்டிப் போகும் கூர்மையான சரிவுக் கோடுகள் மாதிரியின் ஒளி அல்ல. அவை தண்ணீரும் துகள்களும் சிதறடித்த ஒளி. அவற்றை வெட்டி எடுத்த பிறகே கணக்குப் பார்க்க வேண்டும்.

குப்பையின் வயதை இதால் சொல்ல முடியுமா?

ஆண்டுக் கணக்கில் முடியாது. முதிர்ச்சியைச் சொல்லலாம், அதுவும் நன்றாகவே.

குப்பை கொட்டிய கொஞ்ச நாளில் உள்ளே ஒட்சிசன் தீர்ந்துவிடும். அமிலப் பருவம் தொடங்கும். அப்போது குப்பைக்குள் ஊறி வடியும் கசிவுநீரின் பிஎச் 6.5-க்குக் கீழே இருக்கும். இரசாயன ஒட்சிசன் தேவை, அதாவது நீரிலுள்ள சேதனப் பொருளை இரசாயனத்தால் ஒட்சியேற்ற வேண்டிய ஒட்சிசனின் அளவு, லீற்றருக்கு 10,000 மில்லிகிராமைத் தாண்டுவதும் சாதாரணம். அதில் பாதிக்கு மேல் பக்டீரியாக்களால் எளிதில் தின்னக்கூடியது. அப்புறம் மீதேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அந்த அமிலங்களைத் தின்று முடிக்கின்றன. பிஎச் 7.5-க்கு மேலே போகும். ஒட்சிசன் தேவை 4,000-க்குக் கீழே இறங்கும். உயிரியல் ஒட்சிசன் தேவைக்கும் (நுண்ணுயிர்கள் தின்பதற்கு வேண்டிய ஒட்சிசன்) இரசாயனத் தேவைக்கும் உள்ள விகிதம் 0.1-க்கும் குறையும். அதாவது மிஞ்சிக் கிடப்பது எந்த நுண்ணுயிரும் தின்ன விரும்பாத ஹியூமிக் பொருள். வரைபடத்தில் இது கண்ணுக்கு முன்னே நடக்கும். புரத முகடுகள் தேயும், ஹியூமிக் முகடு எழும், அதன் உச்சி நீண்ட அலைநீளப் பக்கம் நகரும்.

இதை ஓர் எண்ணாகச் சொல்ல ஹியூமிக் சுட்டெண் இருக்கிறது. 254 நானோமீற்றர் ஒளியைக் கொடுத்து, 435–480 பகுதியில் வந்த மொத்த ஒளியை 300–345 பகுதியில் வந்ததால் வகுக்க வேண்டும். சோல்னாயும் கூட்டாளிகளும் 1999-இல் தந்த முறை இது. 2002-இல் ஓனோ, கீழே இரண்டு பகுதிகளின் கூட்டுத்தொகையை வைத்து வகுக்கச் சொன்னார். அப்போது விடை 0-க்கும் 1-க்கும் இடையில் நிற்கும். எந்த முறையில் கணித்தீர்கள் என்று எழுதாமல் எண்ணை மட்டும் போட்டால் வாசிப்பவருக்கு ஒரு பயனும் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு சிக்கல். பத்து வருடக் குப்பைக்கு மேலேயே இன்றைய குப்பையும் கொட்டப்படுகிறது. கீழே வடிவது இரண்டின் கலவை. நல்ல முதிர்ந்த ஹியூமிக் முகடும் பலமான புரத முகடும் ஒரே படத்தில் வந்தால் பிழை என்று பயப்பட வேண்டாம். அந்த மேடு உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது.

தண்ணீர் மட்டுமா, திண்மக் குப்பையையும் பார்க்கலாமா?

பார்க்கலாம். பிளாஸ்டிக், கண்ணாடி, கல்லைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தை உலர்த்தி, அரைத்து, சலித்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தூய நீர் சேர்த்துப் பல மணி நேரம் குலுக்கி வடிகட்டினால், கரையக்கூடிய சேதனப் பொருள் கிடைக்கும். வெவ்வேறு ஆழத்தில் தோண்டி எடுத்தால் மேட்டின் அடுக்குகளை ஒப்பிடலாம்.

கூட்டெருவுக்கும் இதே வழிதான். 2008-இல் தொடங்கிய பிலிசரு என்ற திண்மக் கழிவு முகாமைத் திட்டத்துக்குப் பிறகு பல உள்ளூராட்சி சபைகள் கூட்டெரு தயாரிக்கின்றன. முதிராத எருவை மிளகாய்க் கன்றுக்குப் போட்டால் கன்று வாடும். ஒவ்வொரு வாரமும் ஒரு சாறு எடுத்து, ஹியூமிக் சுட்டெண் ஏறி ஏறி ஒரு நிலையில் நிற்கிறதா என்று பார்த்தால் எரு முதிர்ந்துவிட்டதா என்பது தெரியும். குப்பைமேட்டு ஆய்வை விட இது கெதியாகப் பலன் தரும் வேலை என்பது என் எண்ணம்.

வழமையான ஒட்சிசன் தேவைச் சோதனைகள் போதாதா?

சட்டத்துக்கு அவைதான் வேண்டும். உள்நாட்டு நீர்நிலைக்குள் விடும் கழிவுநீருக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் பொது வரம்பு, உயிரியல் ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராம், இரசாயன ஒட்சிசன் தேவை 250. ஒளி வரைபடத்தைக் காட்டி யாரும் அனுமதிப்பத்திரம் வாங்க முடியாது.

ஆனால் உயிரியல் சோதனைக்கு ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். இரசாயனச் சோதனைக்கு டைகுரோமேற்று, பாதரச உப்பு, வெள்ளி உப்பு எல்லாம் வேண்டும். சோதனை முடிந்ததும் அந்த நச்சுக் கழிவை எங்கே கொட்டுவது என்பது அடுத்த கவலை. புளோரொளிர்வுக்குச் சில மில்லிலீற்றர் மாதிரியும் அரை மணி நேரத்துக்குள் முடியும் ஓர் அளவீடும் போதும், இரசாயனம் எதுவும் தேவையில்லை. மற்றச் சோதனைகள் எவ்வளவு என்று சொல்லும். இது என்ன வகை, எங்கிருந்து என்பதைச் சொல்லும். இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

கடற்கரைக் கிணறுகளுக்கு இது ஏன் முக்கியம் என்கிறீர்கள்?

காத்தான்குடியிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி அல்லது வயல், நடுவே மணல். கிணற்றில் வாளியை விட்டால் சில மீற்றரில் தண்ணீர். மணலுக்குள் நன்னீர் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. குப்பையின் கசிவுநீரைத் தடுக்க இடையில் களி இல்லை.

மற்ற இடங்களில் கசிவுநீர் நிலத்தடி நீரில் கலந்திருக்கிறதா என்று தேட, முதலில் மின்கடத்துதிறனையும் குளோரைட்டையும் அளப்பார்கள். கசிவுநீரில் உப்பு அதிகம், நல்ல கிணற்றில் குறைவு. எண் ஏறியிருந்தால் சந்தேகப்படலாம். இங்கே அந்த வழி கைகொடுக்காது. கோடையில் கச்சான் அடிக்கும் நாட்களில் குப்பைமேடே இல்லாத ஊரிலும் கிணறு உவர்க்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எத்தனை கிணறுகளை இறைத்து இறைத்து மாரி மழைக்காகக் காத்திருந்தோம் என்பது இங்குள்ளவர்களுக்கு மறக்காது. உப்பை மட்டும் அளந்தால் கடல் வந்ததா, குப்பை வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

கடல்நீரில் உப்பு நிறைய உண்டு, ஆனால் கசிவுநீரோடு ஒப்பிட்டால் அது ஒளிர்வதே இல்லை என்று சொல்லலாம். கிணற்றின் உப்பும் ஏறி, ஹியூமிக் முகடும் புரத முகடும் சேர்ந்து ஏறினால் சந்தேகம் குப்பைமேட்டுப் பக்கம் போகிறது. உப்பு மட்டும் ஏறினால் கடல் பக்கம். அமோனியாவையும் சேர்த்து அளந்தால் சந்தேகம் இன்னும் உறுதிப்படும். நான் இந்த முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

வாவித் தண்ணீரே பழுப்பாகத்தானே இருக்கிறது? அதையும் குப்பை என்று காட்டிவிடாதா?

காட்டிவிடும், கவனமில்லாவிட்டால். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் வாவியில் வலை வீசும் ஒரு பெரியவர். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பரிசீலிப்பவர்கள் கேட்பதும் இதைத்தான்.

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். கரையில் உவர்நீரில் வளரும் கண்டல், கண்ணா மரங்கள் இலை உதிர்த்து, அந்த இலைகள் ஊறி, தண்ணீருக்குச் சாயத் தேநீர் நிறம் தருகின்றன. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களிலிருந்து வைக்கோல் ஊறிய நீர் வந்து சேர்கிறது. இவை எல்லாமே ஹியூமிக் பொருள். 350 நானோமீற்றர் ஒளிக்கு இவையும் ஒளிரும். அத்தோடு பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் தண்ணீரின் குணம் ஒன்று, மூடியிருக்கும் காலத்தில் வேறு.

அதனால் ஒரு போத்தலை மட்டும் கொண்டுவந்து முடிவு கேட்பது வீண். குப்பைமேட்டிலிருந்து நேரே வடியும் நீர், அதற்கு மேற்பக்கம் குப்பை சேராத இடத்து நீர், கீழ்ப்பக்கம் படிப்படியாகத் தள்ளித் தள்ளி எடுத்த நீர், தொலைவில் கண்டல் மட்டும் உள்ள கரையின் நீர் என எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் காட்ட இரண்டு விகிதங்கள் உதவும். ஒன்று, புரத முகட்டுக்கும் ஹியூமிக் முகட்டுக்கும் உள்ள விகிதம். மற்றது 370 நானோமீற்றர் ஒளியைக் கொடுத்து 450-இல் வந்ததை 500-இல் வந்ததால் வகுக்கும் புளோரொளிர்வுச் சுட்டெண். மக்னைட்டும் கூட்டாளிகளும் 2001-இல் காட்டியபடி, இது 1.4 அளவில் இருந்தால் தரைத் தாவரத்திலிருந்து வந்த பொருள், 1.9-ஐ நெருங்கினால் நுண்ணுயிர்கள் உண்டாக்கியது. கண்டல் இலைச்சாறு முதலாவது பக்கம் நிற்கும் என எதிர்பார்க்கலாம். நுண்ணுயிர்கள் பெருகிய கசிவுநீர் இரண்டாவது பக்கம் சாயும்.

வாடைக் காலத்திலும் கோடையிலும் தனித்தனியாக மாதிரி எடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழையில் மேடு நிறைந்து வழியும். ஆனால் மழையே அதை ஐதாக்கியும் விடும். கோடையில் வடிவது கொஞ்சம், ஆனால் கடும் சாயம்.

எங்கள் கிணற்றைச் சோதித்துக் குடிக்கலாமா என்று சொல்வீர்களா?

சொல்லமாட்டேன். இந்தச் சோதனையால் அதைச் சொல்ல முடியாது. குடிநீருக்கு ஈ. கோலை, நைத்திரேற்று, தேவையானால் உலோகங்கள் பார்க்க வேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் கதையுங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். டிரிப்டோபான் வகை ஒளி குப்பையால் மட்டும் வருவதல்ல; மலசலகூடக் குழியாலும் வரும். ஒரே வளவுக்குள் கிணறும் குழியும் கிட்டக்கிட்ட இருக்கும் நெருக்கமான ஊர்களில் இரண்டாவதுக்கே வாய்ப்பு அதிகம். சலவைத் தூளில் வெள்ளையைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் பொருளும் 360 அளவில் ஒளியைக் கொடுத்தால் 440 பக்கம் ஒளிரும். அந்த முகடு தனியே தெரிந்தால் வீட்டுக் கழிவுநீரை நினைக்க வேண்டும்.

கறுப்புத் தண்ணீரை அப்படியே கருவியில் வைக்கலாமா?

வைக்கவே கூடாது. நான் மாணவனாக இருந்தபோது செய்த பிழை இது. குழியில் எடுத்த கசிவுநீரை வடிகட்டி நேரே குவெட்டில், அதாவது கருவிக்குள் வைக்கும் சிறு கண்ணாடிக் கலத்தில், ஊற்றினேன். திரையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பக்கத்து வாய்க்கால் தண்ணீர் அதைவிடப் பலமாக ஒளிர்ந்தது. அந்த எண்களை அறிக்கையிலும் எழுதிவிட்டேன். திருத்தியவர் கேட்ட ஒரே கேள்வி, எத்தனை மடங்கு ஐதாக்கினாய் என்பதுதான்.

நடந்தது இதுதான். திரவம் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பதைச் சொல்லும் எண் உறிஞ்சல். உறிஞ்சல் 1 உள்ள திரவத்தில் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் மறுபக்கம் போகும். உறிஞ்சல் 2 என்றால் நூறில் ஒரு பங்கு. கொடுக்கும் ஒளி குவெட்டின் நடுவுக்குப் போகுமுன்பே விழுங்கப்படுகிறது. அங்கே உண்டாகும் ஒளியும் வெளியே வருமுன் விழுங்கப்படுகிறது. சாயம் கூடக்கூட ஒளி குறையும். மிக அழுக்கான நீரே மிகச் சுத்தமான நீராகத் தெரியும்.

ஆகவே 1 சென்ரிமீற்றர் குவெட்டில் 254 நானோமீற்றரில் உறிஞ்சல் 0.3-க்குக் கீழே வரும்வரை தூய நீரால் ஐதாக்குங்கள். கசிவுநீருக்கு நூறு மடங்கு தேவைப்பட்டாலும் ஆச்சரியமில்லை. அதன்பின் உறிஞ்சல் அளவைக் கொண்டு திருத்தம் செய்து, ஐதாக்கிய மடங்கால் பெருக்குங்கள். சரிதானா என்று பார்க்க இன்னொரு மடங்கு ஐதாக்குங்கள். அளவீடு பாதியாக வேண்டும். பாதியாகாவிட்டால் இன்னும் ஐதாக்க வேண்டியிருக்கிறது.

பொத்துவிலில் எடுத்த மாதிரியை வந்தாறுமூலை ஆய்வுகூடம் வரை எப்படிக் கொண்டுவருவது?

கபிலநிறக் கண்ணாடிப் போத்தல், ஐஸ் பெட்டி, வெயில் படாமல். சாதாரணக் கண்ணாடி என்றால் அலுமினியத் தாள் சுற்றுங்கள். பஸ் ஜன்னலோரத்து வெயிலே ஹியூமிக் பொருளைச் சிதைக்கும். சலவைத் தூளால் கழுவிய போத்தல் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான். வந்தவுடன் 0.45 மைக்ரோமீற்றர் வடிதாளால் வடிகட்டி, 4 பாகையில் வைத்து, சில நாட்களுக்குள் அளந்துவிடுங்கள். உறையவிட வேண்டாம். அமிலமும் சேர்க்க வேண்டாம், ஹியூமிக் அமிலம் வீழ்படிவாகிவிடும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அளப்பது இன்னொரு வழக்கமான தவறு. வெப்பநிலை ஒரு பாகை ஏற ஒளி சுமார் நூற்றுக்கு ஒன்று குறையும். எங்கள் ஊர்ப் பகல் வெப்பத்தில் குளிரூட்டி நின்றுபோன ஆய்வுகூடத்துக்கும் 25 பாகை அறைக்கும் இடையில் இது சிறிய விடயமல்ல. எல்லா மாதிரிகளையும் ஒரே வெப்பநிலைக்கு வரவிட்டு அளவுங்கள்.

பார உலோகங்களும் பிளாஸ்டிக்கும் தெரியுமா?

நேரடியாகத் தெரியாது. இரும்பும் செம்பும் ஹியூமிக் பொருளோடு பிணைந்து அதன் ஒளியைத் தணிக்கும். அதனால் அவை இருப்பதாகச் சந்தேகப்படலாம், அளக்க முடியாது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டில் குப்பைமேட்டுப் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. அந்தத் துயரத்துக்கு இந்தக் கருவியிடம் பதில் இல்லை. அங்கே வேண்டியது யானை தாண்ட முடியாத வேலியும், வீட்டிலேயே தரம்பிரித்த குப்பையும்.

பரபாக் (PARAFAC) கணிப்பு கட்டாயமா?

இல்லை. பல மாதிரிகளின் வரைபடங்களை ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் பொதுவான கூறுகளைக் கணினியால் பிரிக்கும் முறை அது. ஆர் மொழியில் இலவசப் பொதிகளே உண்டு. ஆனால் பத்துப் போத்தலை வைத்து அதைச் செய்தால் வரும் கூறுகளை நம்ப முடியாது. மாதிரி குறைவென்றால் முகடுகளையும் விகிதங்களையும் ஒழுங்காகத் தந்தாலே நல்ல ஆய்வு.

புளோரொளிர்வுக் கருவி எங்களிடம் இல்லை. என்ன செய்யலாம்?

ஊதாக்கதிர் உறிஞ்சல்மானி இருக்கும். 254 நானோமீற்றர் உறிஞ்சலைக் கரைந்த சேதனக் காபனால் வகுத்தால் அரோமற்றிக் தன்மை, அதாவது பென்சீன் போன்ற காபன் வளையங்களின் பங்கு, எவ்வளவு என்று தெரியும். குப்பை முதிர முதிர அதுவும் ஏறும். தொடங்க அது போதும்.

போத்தலோடு என்ன எழுதி அனுப்ப வேண்டும்?

இடம், நாள், நேரம், கிணறு என்றால் தண்ணீர் மட்டத்தின் ஆழம், எடுத்தவுடன் பார்த்த பிஎச், மின்கடத்துதிறன், வெப்பநிலை. கடைசியாக மழை பெய்து எத்தனை நாள். முகத்துவாரம் திறந்திருந்ததா, மூடியிருந்ததா. பக்கத்தில் எத்தனை அடியில் மலசலகூடக் குழி. அந்தக் கிழமை மேட்டில் புதுக் குப்பை கொட்டினார்களா, தீ வைத்தார்களா. இவற்றைப் போத்தலில் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். ஐஸ் தண்ணீரில் பேனா மை கரைந்துவிடும், சில மைகள் ஒளிரவும் செய்யும்.